வேறு மாநிலம் செல்லும் ஆசிரியரா?

அமெரிக்காவில் ஆசிரியர் உரிமம் தருவது அந்தந்த மாநிலம். ஓஹையோவில் வாங்கியது டெக்சஸில் தானாகச் செல்லாது. பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்துள்ள ‘நாஸ்டெக்’ ஒப்பந்தமும் உரிமத்தை அப்படியே மாற்றித் தருவதில்லை. விண்ணப்பிக்கும் வழியைத்தான் எளிதாக்குகிறது.

பழைய உரிமம் காலாவதி ஆவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. அனுபவச் சான்றை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். புதிய இடத்தில் சம்பளப் படிநிலையைப் பெரும்பாலும் அதை வைத்தே முடிவு செய்வார்கள். பிராக்சிஸ் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதியவர்கள் கவனிக்க: தேர்ச்சி மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கைரேகைச் சோதனையும் பெரும்பாலும் மறுபடி உண்டு.

2023-இல் பத்து மாநிலங்கள் சேர்ந்ததும் ‘ஆசிரியர் இடம்பெயர்வு உடன்படிக்கை’ நடைமுறைக்கு வந்தது. நீங்கள் விடும் மாநிலமும் போகும் மாநிலமும் அதில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாதிச் சுமை குறையும். தற்காலிக உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது.

ராணுவத்தினரின் கணவனோ மனைவியோ ஆசிரியராக இருந்தால், பணி மாற்ற ஆணையோடு இடம் மாறும்போது பழைய உரிமத்தைப் புதிய மாநிலத்திலும் செல்லுபடியாக்கிக்கொள்ள 2023 முதல் கூட்டரசுச் சட்டமே வழி செய்கிறது. அந்த ஆணையின் நகல் கையில் இருக்கட்டும்.