மணத்திற்கு முன் ஒரு வாக்கு

பல்லாவரத்திற்கு மேற்கே அமைந்துள்ள திருநீர்மலை, 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய ஊராகும். 108 திவ்வியதேசங்களுள் ஒன்றான இத்திருத்தலத்தில் முகூர்த்த நாள்களில் வைகறையிலேயே மணக்கோலங்களைக் காணலாம். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்திலும், மலைமேல் நரசிங்கப் பெருமாள் இருந்த கோலத்திலும், அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் சேவை சாதிக்கின்றனர். தாலி ஏறிய கழுத்தோடு மணமகளும், மாலையோடு மணமகனும் படியேறி இந்நான்கு கோலங்களையும் சேவித்த பின்னர்ப் பந்திக்குச் செல்வது நன்று. ஒளிப்படம் எடுப்பவர் சற்றுக் காத்திருக்கலாம், குற்றமில்லை.

இத்தலத்தைச் சேவிக்க வந்த திருமங்கையாழ்வார், மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருக்கக் கண்டு, அது வடியும் வரை ஆறு திங்கள் காத்திருந்தார் என்பது தல வரலாறு. அவ்வாழ்வாரின் திருமண வரலாறு, புதிதாக இல்லறம் ஏற்கும் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

ஆழ்வாரின் முன்னைப் பெயர் நீலன். சோழ மன்னனின் படைத்தலைவராகவும், திருமங்கை நாட்டின் தலைவராகவும் விளங்கியவர். சோழநாட்டுத் திருவெள்ளக்குளத்தில் மருத்துவர் ஒருவரின் வளர்ப்பு மகளாக இருந்த குமுதவல்லியைக் கண்டு மணம் பேச வந்தார். செல்வமும் ஆற்றலும் மிக்க அத்தலைவரிடம் குமுதவல்லியார் பொன்னையோ நிலத்தையோ கேட்கவில்லை. வைணவ இலச்சினை பெற்று வர வேண்டும் என்றார். ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 அடியார்களுக்கு அமுது படைக்க வேண்டும் என்றார். நீலன் திருநறையூர் சென்று பெருமாளிடமே இலச்சினை பெற்றுத் திரும்பினார். அமுது படைப்பதற்கும் வாக்களித்தார். அதன் பின்னரே திருமணம் நிகழ்ந்தது.

பெண் பார்க்கும் நாளில் பேசப்படுவன எவை என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊதியம், வேலை செய்யுமிடம், சொந்த வீடா வாடகை வீடா, வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு என்பன எல்லாம் விரிவாகப் பேசப்படுகின்றன. அவை வேண்டுவனவே. ஆயினும், இருவரும் சேர்ந்து எதனை வழிபடுவர், எவருக்குச் சோறிடுவர், வருவாயில் எதனை அறத்திற்கு ஒதுக்குவர் என்னும் பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. அது முதன்முதலாக எழுவது புரட்டாசிச் சனிக்கிழமையன்று, சமையலறையில், சற்று உரத்த குரலில்! ஒரு குடும்பத்தார் புரட்டாசி முழுவதும் நோன்பு காப்பவர். மற்றொரு குடும்பத்தார் கிருத்திகை தவறாதவர். இருவர் வழக்கமும் ஒரே வீட்டிற்குள் வந்து சேரும்போது, முன்னரே பேசிக்கொள்ளாத குறை வெளிப்படுகிறது. குமுதவல்லியார் அக்குறைக்கு இடம் வைக்கவில்லை.

வாக்களிப்பது எளிது, நாள்தோறும் 1008 இலை இடுவது எளிதன்று. நீலனின் செல்வம் கரைந்தது. அரசனுக்குச் செலுத்த வேண்டிய திறைப்பொருளும் அமுதாயிற்று. அதனால் சிறைப்பட்டார். காஞ்சிப் பேரருளாளன் கனவில் தோன்றி, வேகவதி ஆற்றங்கரையில் பொருள் இருக்குமிடம் காட்டியருளக் கடன் தீர்ந்தது. அதன் பின்னும் பொருள் போதாமையால் வழிப்பறியில் இறங்கினார் என்று குருபரம்பரை கூறுகிறது. அடியார்க்கு இடுவதாயினும் பிறர் பொருளைப் பறித்தல் நெறியாகாது. அதனைத் திருத்தவே எம்பெருமான் எழுந்தருளினான்.

எவ்வாறு எழுந்தருளினான் என்பதே வியப்பு. துறவியாகவோ அரசனாகவோ வரவில்லை. பிராட்டியோடு புதுமணத் தம்பதியாக, அணிகலன்கள் பூண்டு, சுற்றம் சூழத் திருமணங்கொல்லை வழியே வந்தான். நீலன் வழிமறித்து அணிகலன்கள் அனைத்தையும் பறித்தார். மணமகனின் கால்விரலில் இருந்த ஆழி மட்டும் கழலவில்லை. பெருவீரர் குனிந்து அதனைப் பல்லால் கடித்துக் கழற்ற வேண்டியதாயிற்று. ஆம், பெருமாள் திருவடியில் அவர் தலை படிந்தது அப்போதுதான்! பின்னர் மூட்டையைத் தூக்க முயன்றார், அசையவில்லை. என்ன மந்திரம் செய்தாய் என்று வெகுண்டு கேட்டார். மணமகன் அவர் செவியில் திருவெட்டெழுத்தை ஓதினான். திருவாலி திருநகரிக்கு அருகில், பங்குனி உத்திரத்தை ஒட்டி ஆண்டுதோறும் வேடுபறி உற்சவமாக இந்நிகழ்ச்சி கொண்டாடப்பெறுகிறது.

1008 பேருக்கு அமுது படைக்கும் ஆற்றல் இன்று குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ வாடகை வீட்டில் குடியேறும் இணையர்க்கு இராது. கடன் பட்டுச் செய்யவும் வேண்டா. நீலன் பட்ட துன்பம் போதும். நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனிக் கலத்தில் இட்டு வைத்து, மாத முடிவில் கோயிலுக்கோ பசித்தவர்க்கோ அளிக்கும் பிடியரிசி வழக்கம் நம் வீடுகளில் இருந்ததே. திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அன்னதானத் திட்டத்திற்கு மண நாளன்று காணிக்கை செலுத்துவோரும் உளர். விளக்கு ஏற்றுவதைப் பற்றியும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளலாம். மனைவி தாம்பரம் மின்தொடர் வண்டியில் இரவு எட்டு மணிக்குத் திரும்புபவராயின், முன்னர் வீடு சேரும் கணவர் கைகால் கழுவி விளக்கேற்றுவதில் தடை ஏதும் இல்லை.

திருமங்கையாழ்வார் பாடிய மற்றொரு தலமும் இப்பகுதிக்கு அண்மையில் உள்ளது. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சிறிது தொலைவு சென்றால் திருவிடந்தையை அடையலாம். தலைவனை நினைந்து உருகும் மகளைக் கண்டு கவலையுறும் தாயின் கூற்றாக ஆழ்வார் இத்தலத்தைப் பாடியுள்ளார். காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளொருவராக மணந்த பெருமாள், நிறைவில் அனைவரையும் ஒருவராக்கி, அகிலவல்லி என்று பெயரிட்டு இடப்பக்கத்தில் ஏற்றருளினார் என்பது தலபுராணம். உற்சவருக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்பது திருநாமம்.

மணமாகாதவர்கள் இங்கு மாலை சாற்றி, அர்ச்சகர் அளிக்கும் மாலையை அணிந்து ஒன்பது முறை வலம் வந்து, அதனை இல்லத்தில் பாதுகாத்து வைக்கின்றனர். திருமணம் கைகூடிய பின் அம்மாலையுடன் கணவனும் மனைவியுமாக மீண்டும் வந்து சேவிக்க வேண்டும் என்பது வழக்கம். முதன்முறை வேண்டிக்கொள்பவர் ஒருவர்; நிறைவேற்ற வருபவர் இருவர். அதற்குள் மலர்கள் உலர்ந்து உதிர்ந்து, நார் மட்டுமே எஞ்சியிருக்கும். அதனைத் துணியில் முடிந்து, பேருந்து நெரிசலில் நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வரும் இணையரை முகூர்த்த மாதங்களில் அச்சாலையில் காணலாம். வந்த வேண்டுதல் தம்முடையதன்று, துணைவருடையது என்பதை அங்கு வந்த பின்னரே அறிந்து வியப்போரும் உண்டு.