தீர்ப்பு வந்த பிறகும் தொடரும் கடன்

“வீட்டுக் கடனை அவர்தான் கட்ட வேண்டும் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. பிறகு என் சிபில் ஸ்கோர் எப்படி இறங்கும்?” விவாகரத்து முடிந்து ஓரிரு ஆண்டு கழித்து, சொந்தப் பெயரில் ஒரு வண்டிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு இந்தக் கேள்வி எழுகிறது. அதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

குடும்பநல நீதிமன்றம் கணவன், மனைவி இருவருக்கும் இடையில்தான் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறது. வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. கடன் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43-ஆவது பிரிவின்படி, இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வங்கி கேட்கலாம். சிபில் அறிக்கையிலும் அப்படித்தான். 40 லட்சம் கூட்டுக் கடன் என்றால் இருவர் பெயரிலும் 40 லட்சம் என்றே ஏறும். தவணை தவறினால் அந்தத் தாமதம் இருவர் கணக்கிலும் விழும்.

எனவே, பிரிவது என்று முடிவானதும் உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒவ்வொரு கடனும் தனிநபர் கடனா, கூட்டுக் கடனா, ஜாமீன் போட்டதா என்பது அதில் இருக்கும். கணவரின் தொழில் கடனுக்கு என்றோ போட்ட ஜாமீன் கையெழுத்து பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

கிரெடிட் கார்டு விஷயம் இதைவிட எளிது. நம் நாட்டில் கணவன், மனைவிக்குக் கூட்டுக் கார்டு என்பது வழக்கத்தில் இல்லை. ஒருவர் பெயரில் கார்டு, மற்றவருக்கு ஆட்-ஆன் கார்டு. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி ஆட்-ஆன் கார்டில் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முதன்மைக் கார்டுதாரரே பொறுப்பு. கார்டு உங்களுடையது என்றால் ஆட்-ஆன் கார்டை உடனே ரத்து செய்யுங்கள். மாதம் 3.5 சதவீத வட்டியில் 2 லட்சம் நிலுவை நின்றால் வட்டி மட்டும் 7,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 1,260 ரூபாய். நிலுவையை முழுதாகக் கட்டிவிட்டு, கார்டையே மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால் வங்கி ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

ஆட்-ஆன் கார்டு மட்டுமே வைத்திருந்த மனைவிக்கு வேறொரு சிக்கல். கணவரின் கார்டு பாக்கிக்கு அவர் பொறுப்பல்ல. வசூல் ஏஜென்ட் அவரை மிரட்டவும் கூடாது. ஆனால், பத்தாண்டுகள் அந்தக் கார்டைப் பயன்படுத்தியிருந்தும் அவர் பெயரில் கடன் வரலாறே பெரும்பாலும் இருக்காது. ஒரு சிறு ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதன்பேரில் சொந்தக் கார்டு ஒன்று வாங்கி, மாதாமாதம் முழுதாகக் கட்டிவருவதே நல்ல தொடக்கம். வழக்கு நடக்கும்போதே இதைச் செய்யலாம்.

பெரிய ஆபத்து வீட்டுக் கடனில்தான். நான் மிகவும் வருந்துவது இந்த நிலைமைக்குத்தான்: மனைவி தன் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிடுகிறார். கடனைக் கணவர் கட்டுவதாகப் பேச்சு. வங்கிக் கணக்கில் மட்டும் மனைவி பெயர் அப்படியே நிற்கிறது. வீடும் இல்லை, கடன் பொறுப்பும் தீரவில்லை. “எப்படியாவது முடிந்தால் போதும்” என்ற சோர்வில் போடும் கையெழுத்து அது. அந்தச் சோர்வு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வங்கி உங்களை விடுவித்துக் கடிதம் கொடுக்கும்வரை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழி இரண்டுதான். வீட்டை விற்றுக் கடனை அடைப்பது ஒன்று. என் பார்வையில் அதுவே சுத்தம். மற்றொன்று, வீட்டை வைத்துக்கொள்பவர் கடனையும் தன் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்வது. அவர் ஒருவருடைய வருமானத்துக்கு அந்தக் கடன் தாங்குமா என்று வங்கி புதிதாகக் கணக்குப் பார்க்கும். மறுத்தால், வேறு வங்கிக்குத் தன் பெயரில் மாற்றப் பார்க்கலாம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. எந்த வங்கியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அவரால் அந்தக் கடனைத் தனியாகச் சுமக்க முடியாது என்று அர்த்தம். அப்போது விற்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் இருவரும் இசைந்து மனு போட்டால் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தேவைப்பட்டால் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. கூட்டுக் கடன் இருப்பவர்கள் அந்தத் தள்ளுபடியை அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். வங்கி வேலைகளை முடிக்க அந்த ஆறு மாதம் உதவும். எந்தத் தேதிக்குள் யார் கடனை மாற்ற வேண்டும், தவறினால் என்ன என்பதை ஒப்பந்தத்தில் வக்கீலிடம் சொல்லி எழுதிவிடுங்கள்.

தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டதா? எதிர்த்தரப்பு தவணை கட்டவில்லை என்றால், முடிந்தவரை நீங்கள் கட்டிவிடுங்கள். அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால், 90 நாளைத் தாண்டினால் கடன் வாராக் கடனாகிவிடும். அந்தக் கறை உங்கள் பெயரிலும் ஏறும். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். கட்டியதைத் திரும்பக் கேட்க அதே 43-ஆவது பிரிவு இடம் தருகிறது. அவர்தான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பில் இருந்தால் நிறைவேற்று மனுவும் போடலாம். தவணை பற்றிய குறுஞ்செய்தி உங்கள் கைபேசிக்கும் வரும்படி வங்கியில் கேட்டு வையுங்கள். பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று வங்கி அழைத்தால் யோசியுங்கள்: அறிக்கையில் அது ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று நிற்கும்; அடுத்த கடன் தருபவர் அதைப் பார்த்துத் தயங்குவார்.

வங்கி உங்களை விடுவித்த பிறகு ஒரு மாதம் விட்டு, நான்கு அறிக்கைகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் அந்தக் கடன் இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டினால், வங்கியின் கடித நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.