பங்குனியில் வாருங்கள், வரப்பில் உட்காருங்கள்

திருச்செந்தூர்ப் பக்கம் பறவை பார்க்கிறவர்களில் பலருக்குத் தை மாதத்தோடு ஆண்டு முடிந்துவிடுகிறது. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரியில் நடக்கிறது. குளங்கள் நிறைந்திருக்கும் காலம், கணக்குக்குச் சரி. கரைப்பறவைகளின் கோலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பங்குனியும் சித்திரையும்தான். “சீசன் முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்குப் போறிய?” என்று கேட்டவர்கள் யாரும், ஜனவரியில் சாம்பலாக நின்ற வளைமூக்கு உள்ளான் ஏப்ரலில் செங்கல் நிறத்துக்கு மாறி நிற்பதைப் பார்த்ததில்லை.

பைக்கில் ஆறுமுகநேரி, ஆத்தூர் வழியாக விடியும்போதே புன்னைக்காயல் போய்விடுங்கள். பைனாகுலர், தொப்பி, தண்ணீர் போதும். உப்பளம் என்றால் அளத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். இங்கே கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது. ஆனாலும் நீர் வற்றினால் பறவைகள் கழிமுகச் சேற்றில் மேயும், பெருகினால் உப்பளப் பாத்திகளில் ஒதுங்கும்.

எல்லாவற்றையும் கெடுக்கும் தவறு ஒன்றுதான்: கூட்டத்தை நோக்கி நடப்பது. ஒரு சித்திரைக் காலையில் பாத்தி நிறைய வளைமூக்கு உள்ளான்கள். நான் வரப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பெரிய லென்ஸோடு வந்த ஒருவர், “இங்கயே உக்காந்தா என்ன படம் கிடைக்கும் அண்ணாச்சி?” என்று சொல்லிக்கொண்டே பாத்திக்குள் இறங்கினார். மொத்தக் கூட்டமும் எழுந்து போனது. பறக்கும் படம் அவருக்குக் கிடைத்தது; பாராட்டும் கிடைத்தது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஏறக்குறைய 60 கிராம் எடையுள்ள அந்தப் பறவை சைபீரியாவின் வடகோடிவரை போய் முட்டையிட வேண்டும். வழிச்செலவுக்கு, இந்தச் சேற்றுப் புழுக்களைத் தின்று உடம்பில் சேர்க்கும் கொழுப்புதான். நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அதில்தான் கை வைக்கிறோம்.

ஒன்றிரண்டு தலை தூக்கினால் நின்றுவிடுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். சூரியனை முதுகுக்கு விட்டுப் பொறுமையாக உட்கார்ந்தால், மேய்ந்துகொண்டே அவையே அருகில் வரும்.

வைகாசியிலும் சில சாம்பல் நிறத்திலேயே நின்றால் நோய்ப்பட்டவை என்று எண்ண வேண்டாம். முதல் வருடப் பறவைகள் பல கோடையை இங்கேயே கழிக்கும். அவற்றையும் எண்ணி இ-பேர்ட் (eBird) பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். ஜனவரியோடு மூட்டை கட்டுகிறவர்கள் விட்டுப்போன மாதங்களை நிரப்ப, பக்கத்திலேயே குடியிருக்கும் நம்மால்தான் முடியும்.