இன்டர்நெட் போனுக்கு ஒரு ஃபைல் பெட்டி



அவிநாசி, திருப்பூர் பக்கம் கம்பெனி ஆபீஸ்களில் இன்டர்நெட் போன் இருப்பதை வேலைக்குப் போகிற நம் சகோதரிகள் பார்த்திருப்பீர்கள். கூட்டமைப்பு ஆபீஸ், தையல் யூனிட் என்று நம்ம வேலை பெருகும்போது நமக்கும் அது தேவைப்படலாம். அமைக்க வருபவர் என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். செலவாவது நம்ம பணம் அல்லவா?

போனும் இன்டர்நெட்டும் சேர்ந்து கிராமத்துக்கு வருவது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லீங்க. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையை வைத்து, 2001ல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் கிராம இணைய மையங்கள் தொடங்கின. பெண்கள் நடத்திய மையங்களும் அதில் உண்டு. இன்றைய இன்டர்நெட் போனில் நம் பேச்சே இன்டர்நெட் வழியாகத்தான் போகிறது.

ஃபைல் சர்வர் எதற்கு?

புதுப் போனுக்குத் தன் நம்பரே தெரியாது. நம்பர், பாஸ்வேர்டு, நேரம் எல்லாவற்றையும் ஒவ்வொரு போனிலும் கையால் அழுத்தலாம். பத்துப் போன் இருந்தால் ஒரு நாள் போய்விடும், தப்பும் வரும். அதனால் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஃபைல் எழுதி, ஒரே கம்ப்யூட்டரில் வைக்கிறார்கள். அதுதான் ஃபைல் சர்வர். ஃபைல்கள் மிகச் சிறியவை. பழைய கம்ப்யூட்டரும், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸும் போதும்.

எப்படி வேலை செய்கிறது?

1. போனை மாட்டியதும் அது ரவுட்டரிடம் முகவரி கேட்கும்.
2. ரவுட்டர் முகவரியோடு, ஃபைல் சர்வர் எங்கே இருக்கிறது என்றும் சொல்லும்.
3. போன் தன் 'மேக்' எண்ணைச் சொல்லித் தன் ஃபைலைக் கேட்கும். 12 எழுத்துள்ள இந்த எண் போனின் பின்பக்கம் ஒட்டியிருக்கும்.
4. ஃபைலைப் படித்ததும் போன் பேசத் தயார்.

போன் கெட்டு மாற்றினால், புதுப் போனின் மேக் எண்ணுக்கு ஃபைலை மாற்றி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இங்கேதான் கவனம் வேண்டும்

பல இடங்களில் 'டி.எஃப்.டி.பி.' என்ற முறையில் ஃபைலை அனுப்புகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த எளிய முறை இது. பாஸ்வேர்டு கேட்காது. அதே நெட்வொர்க்கில் இருக்கிற யாரும் மேக் எண்ணைச் சொல்லி ஃபைலை வாங்கிவிடலாம். அதற்குள் நம் போனின் பாஸ்வேர்டு இருக்கிறது. அது திருடர் கையில் கிடைத்தால், நடு ராத்திரியில் வெளிநாட்டுக்குப் பேசித் தீர்ப்பார்கள். பில் நம் பெயருக்கு வரும்.

பேங்க் பணத்தை எடுக்கக் கூட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறோம். பீரோ சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை. இந்தப் பெட்டிக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும்.

அமைப்பவரிடம் கேட்க வேண்டியவை

- போன் ஏற்குமானால், பாஸ்வேர்டோடு கூடிய 'எச்.டி.டி.பி.எஸ்.' முறையில் ஃபைலை அனுப்ப முடியுமா?
- வருகிறவர்கள் பயன்படுத்தும் வைஃபை வேறு, போன் நெட்வொர்க் வேறு என்று பிரித்தாச்சா?
- சர்வரை வெளி இன்டர்நெட்டிலிருந்து யாரும் திறக்க முடியாதபடி அடைத்தாச்சா?
- தேவையில்லாத வெளிநாட்டு அழைப்பை நிறுத்தியாச்சா?
- ஃபைல்களுக்கு ஒரு நகல் வேறிடத்தில் இருக்கிறதா?

போன் பட்டியலையும் மேக் எண்களையும் பதிவேட்டில் எழுதுங்கள். சர்வர் பாஸ்வேர்டைப் பொறுப்பாளர்கள் இருவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பொறுப்பு மாறினால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கரண்ட் போனால், பேட்டரி வசதி இல்லாத ஆபீஸில் இந்த போனும் நின்றுவிடும். அவசரத்துக்கு 108 கூப்பிட ஒரு செல்போன் எப்போதும் ஆபீஸில் இருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஆபீஸில் எத்தனை பாஸ்வேர்டு இருக்கிறது? யார் யாருக்குத் தெரியும்?
2. போன் பில்லை மாதாமாதம் யார் சரிபார்ப்பது?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.