மேரா ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்கு

இமயத்தில் ஆறாயிரம் மீட்டருக்கு மேல் ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர், நேபாளத்தின் மேரா. 1953 மே 20 அன்று ஜிம்மி ராபர்ட்ஸும் சென் தென்சிங்கும் இதில் முதன்முதலாக ஏறினார்கள். எவரெஸ்ட் குழுவுக்கு ஆக்ஸிஜன் உருளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த கையோடு ராபர்ட்ஸ் இந்தப் பக்கம் வந்திருந்தார். பிற்காலத்தில் நேபாளத்தின் முதல் மலைநடை நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. மேராவில் செங்குத்துப் பாறை ஏற வேண்டியதில்லை. பெரும்பாலும் மிதமான சரிவுள்ள பனியாற்றின் மேல் நடக்கத் தெரிந்தால் போதும். ஆனால் உயரம் உயரம்தான். அதைத் தாங்க உடலுக்கு நாள் வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

1. முதலில் விடுமுறையை எண்ணுங்கள், பிறகு பணத்தை எண்ணுங்கள். காத்மாண்டுவிலிருந்து புறப்பட்டுத் திரும்ப 18 நாள், கையிருப்பாக இன்னும் இரண்டு நாள். இவ்வளவு லீவு கிடைக்காத ஆண்டில் வேறு மலைக்குப் போங்கள். 14 நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், குறைத்த நான்கு நாளும் உங்கள் உடல் பழகுவதற்கான நாள்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

2. சுற்றுவழியைக் கேட்டு வாங்குங்கள். விமானத்தில் போய் இறங்கும் லுக்லா சுமார் 2,850 மீட்டர். அங்கிருந்து சத்ரவா கணவாய் வழியாக, மேராவுக்குப் போகும் ஹிங்கு பள்ளத்தாக்கில் நேரே இறங்கலாம். ஆனால் அந்தக் கணவாய் 4,600 மீட்டர். விமானத்தை விட்டு இறங்கிய இரண்டு மூன்று நாளில் அதைக் கடப்பது முதல்முறை வருகிறவர்களுக்கு ஆகாது. பையா, பாங்கோம் பக்கமாகக் காடுகளில் ஏறி இறங்கிப் போகும் வழி சில நாள் கூடுதல். அந்த நாள்களில் உடல் உயரத்துக்குப் பழகிவிடும். திரும்பும்போது சத்ரவா வழியாக வரலாம். அப்போது உயரம் உங்களைத் தொந்தரவு செய்யாது.

3. எங்கே எத்தனை இரவு என்று திட்டத்தில் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது மலை மருத்துவர்களின் விதி. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இரண்டாம் இரவும் தங்க வேண்டும். ஹிங்குவில் ஊர்கள் அப்படி வசதியாக அமையவில்லை. கோத்தே சுமார் 3,600 மீட்டர், தாங்நாக் 4,350, காரே 5,000. ஒவ்வொரு தாவலும் எழுநூறு மீட்டர். ஆகவே தாங்நாக்கில் இரண்டு இரவு, காரேயில் குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. ஓய்வு நாள் என்றால் படுத்துக் கிடப்பது அல்ல; மேலே சில நூறு மீட்டர் ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்க வேண்டும்.

4. ஏப்ரல் பிற்பகுதியும் மேயும் ஒரு பருவம். அக்டோபரும் நவம்பர் முற்பகுதியும் இன்னொன்று. மழைக்காலத்தில் போகாதீர்கள். ஏறுவதற்கான இந்த இரண்டு பருவங்களிலும் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணத்துக்கு அப்பால் உள்ள ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும். மேகம் இறங்கினால் அதுவும் கிளம்பாது. அதனால் ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை மலையிலிருந்து இறங்கிய மறுநாளுக்குப் போடாதீர்கள். கையிருப்பு நாள்கள் இதற்காகத்தான்.

5. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். நேபாள மலையேற்றச் சங்கத்தின் ஏறும் அனுமதி கட்டணத்தில் சேர்ந்ததா? ஏறும் வழிகாட்டி அந்தச் சங்கத்தில் பயிற்சி பெற்றவரா? ஒரு கயிற்றில் எத்தனை பேர்? அவசர மருந்துகளும் ஆக்ஸிஜனும் காரே வரை வருமா? ஒருவருக்கு உடல் சரியில்லாமல் போனால் அவரோடு கீழே இறங்க யார் இருப்பார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். பத்துப் பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், ஒருவர் விழுந்தாலும் பத்துப் பேரும் திரும்ப வேண்டும், அல்லது அவர் தனியாக இறங்க வேண்டும். இரண்டுமே தவறு.

6. கால்களைத் தயார் செய்ய ஆறு மாதம் கொடுங்கள். வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி, முதுகில் பத்துக் கிலோ. மாதத்தில் ஒருநாளாவது விடியலில் தொடங்கி மாலை வரை மலையில் நடை. வெள்ளியங்கிரி, பர்வதமலை எல்லாம் முழங்காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் உயரத்துக்குப் பழகும் வேலையை நம் ஊர் மலைகள் செய்து தராது. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். லுக்லா விமான ஓடுபாதை அதைவிட உயரம். மாரத்தான் ஓடுகிறவருக்கும் உயர நோய் வரும். உடல் வலிமை அதிலிருந்து யாரையும் காப்பதில்லை.

7. எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடைக் காலணி உங்களுடையதாக, பலநாள் போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். உள்ளாடையும் காலுறையும் பருத்தியில் வேண்டாம். வியர்வை காயாமல் குளிரை உடலுக்குள் இழுக்கும். பனிக்கண்ணாடி நல்லதாக இருக்கட்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியோடு பனியில் ஒருநாள் நடந்தால் அன்றிரவு கண் திறக்க முடியாது. இரட்டை அடுக்கு பூட்ஸ், கிராம்பான், ஹார்னஸ், ஐஸ் ஆக்ஸ், ஜுமார், ஹெல்மெட் எல்லாம் காத்மாண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். கிராம்பானை உங்கள் பூட்ஸில் மாட்டிப் பார்க்காமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

8. காரேயில் பயிற்சி நாளை விட்டுவிடாதீர்கள். கையுறையோடு ஹார்னஸ் கட்டுவது, கிராம்பானோடு நடப்பது, நிலையான கயிற்றில் ஜுமார் போட்டு ஏறுவது, கயிற்றில் இறங்குவது. நான்கையும் வழிகாட்டி முன்னால் செய்து காட்டுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு செங்குத்துச் சரிவில் மட்டும் நிலையான கயிறு தேவைப்படும். அந்த இடத்தில், அந்தக் குளிரில், புதிதாகக் கற்க முடியாது.

9. தலைவலியை மறைக்காதீர்கள். 5,500 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய அசதி இருந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், மேலே ஏறக்கூடாது. குறையவில்லை என்றால் இறங்குங்கள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ அது மூளை வீக்கம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தாலோ அது நுரையீரலில் நீர். இரண்டுக்கும் மருந்து கீழே இறங்குவதுதான், நள்ளிரவானாலும். கையில் இருக்கும் மாத்திரையும் ஆக்ஸிஜனும் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் பேசுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

10. சுமை தூக்கும் தோழர்களை உங்கள் குழுவாக எண்ணுங்கள். அவர்களுக்குக் காப்பீடு உண்டா, பனிக்கு ஏற்ற காலணியும் கண்ணாடியும் இருக்கின்றனவா, தலைக்கு எத்தனை கிலோ என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். ஒருவர் முதுகில் முப்பது கிலோவுக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். அவர்களுக்கும் உயர நோய் வரும். கூலி போய்விடும் என்று சொல்லாமல் இருப்பார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். குப்பையை உங்கள் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள்.

11. காப்பீட்டுப் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். 6,500 மீட்டர் வரையிலான மலையேற்றமும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் எழுதியிருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் இவை பெரும்பாலும் இருக்காது. லேசான தலைவலிக்கெல்லாம் ஹெலிகாப்டரை அழைத்துப் பணம் பார்க்கிறவர்கள் பற்றியும் எச்சரிக்கையாக இருங்கள். உண்மையான ஆபத்தில் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள்.

12. உச்சி நாளுக்கு ஒரு கடிகாரம் வையுங்கள். காரேயிலிருந்து மேரா கணவாய் வழியாக 5,780 மீட்டரிலுள்ள உயர் முகாமுக்கு ஒருநாள். மறுநாள் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்குப் புறப்பாடு. பனிப்பிளவுகள் உள்ள பனியாறு என்பதால் எல்லோரும் ஒரே கயிற்றில். யாரும் தனியாக அவிழ்த்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான குழுக்கள் சேருவது 6,461 மீட்டர் உயரமுள்ள நடுச்சிகரம். வடக்கே உள்ளது 6,476 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு, கஞ்சன்ஜங்கா ஐந்தையும் ஒரே இடத்திலிருந்து காணலாம். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முந்தின இரவே வழிகாட்டியோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்தால் உச்சி ஐம்பது மீட்டரில் இருந்தாலும் திரும்புங்கள். களைத்த கால் இறங்கும்போதுதான் தடுமாறும்.

13. மேலே போக வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் வேண்டாம்தான். அவருடைய அனுபவத்துக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். அவர் திரும்பச் சொல்லும்போது வாதாடினால் கொடுத்த பணம் வீண். கட்டிய காசையும் வீட்டில் சொல்லி வந்த பெருமையையும் காட்டி அவரை நெருக்காதீர்கள்.

தம்பி தங்கைகளே, மேரா அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். போதிய நாள் ஒதுக்கி, நல்ல வழிகாட்டியோடு போங்கள். இறங்கச் சொன்னால் இறங்குங்கள். போன எல்லோரும் நலமாக வீடு திரும்பினால் அதுவே நல்ல பயணம்.