உச்சிக்கு ஒன்றரை வருடம்

உச்சந்தலையில் முடி நட்டுக்கொண்ட தம்பிகள் நாலாம் மாதத்தில் முகம் வாடி வந்து, "அண்ணே, ஒன்றுமே வரவில்லையே!" என்கிறார்கள். நானும் உச்சியில் நட்டுக்கொண்டு காத்திருந்தவன்தான். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. நட்ட முடி கொட்டும், கலங்காதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டாம் மாதத்துக்குள் நட்டதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். உதிர்வது வெளியே தெரியும் முடி மட்டும்தான். வேர் தோலுக்குள் இருக்கிறது. இடம் மாறிய அதிர்ச்சியில் அது சில மாதம் ஓய்வெடுக்கும். பக்கத்தில் இருந்த பழைய முடியும் சிலருக்குச் சேர்ந்து கொட்டும். மூன்றாம் மாதத்தில் தலை முன்பைவிட மோசமாகத் தெரிவது அதனால்தான்.

2. நெற்றியோடு உச்சியை ஒப்பிடாதீர்கள். முன்பக்கம் பெரும்பாலும் ஒரு வருடத்தில் நிறைந்துவிடும். உச்சிக்குப் பதினெட்டு மாதம்வரை ஆகலாம். அங்கே சுழி இருக்கிறது. முடி நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து போவதால், முன்பக்கம்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து தோலை மறைப்பதில்லை. அதே எண்ணிக்கையில் நட்டாலும் உச்சி அடர்த்தி குறைவாகத்தான் தெரியும்.

3. முளைப்பது வேறு, மறைப்பது வேறு. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஐந்தாம் மாதம் தலைகாட்டிய முடி எட்டாம் மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் இருந்தால் அதுவே சரியான வளர்ச்சி. முதலில் வருவது பூனைமுடிபோல மெலிந்து, சிலருக்குச் சுருண்டும் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரல் நுனிக்குச் சுரசுரப்பாகத் தட்டுப்படும். தடிப்பதற்கு இன்னும் பல மாதம் வேண்டும்.

4. மாதம் ஒரு படம் போதும். உச்சி நம் கண்ணுக்குத் தெரியாத இடம். வீட்டில் ஒருவரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதே இடம், அதே வெளிச்சம், அதே தூரம், காய்ந்த தலை. குளித்த கையோடு டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று எடுத்தால் நல்ல முடி உள்ளவனுக்கும் மண்டை தெரியும். எடுத்த படத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், சிகிச்சைக்கு முந்தைய நாளின் படத்தோடு ஒப்பிடுங்கள்.

5. மருந்தை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். பின்னந்தலை முடியை வழுக்கை விழுந்த இடத்தில் நட்டாலும் அது எளிதில் உதிராத தன் குணம் மாறாமல் வளரும் என்று நியூயார்க் மருத்துவர் நார்மன் ஆரன்ட்ரைக் 1959இல் எழுதினார். ஆனால் அதைச் சுற்றியுள்ள பழைய முடிக்கு அந்தக் குணம் இல்லை. அது உதிர்ந்துபோனால் நட்டது நடுவில் தீவாக நிற்கும். அதைத் தடுக்கத்தான் மினாக்ஸிடிலும் பினாஸ்டரைடும் எழுதித் தருகிறார்கள். பினாஸ்டரைடு சாப்பிடும்போது ரத்த தானம் செய்யக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. தாம்பத்தியத்திலோ மனநிலையிலோ மாற்றம் தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6. கை வைத்தியம் வேண்டாம். புதுமுடி தோலைத் துளைத்து வரும்போது சிறு பருக்கள் வரலாம். கிள்ளாதீர்கள், சீழ் வைத்தாலோ வலி கூடினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சின்ன வெங்காயச் சாறு தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். சிகரெட்டை விடுங்கள், ரத்த ஓட்டத்தைக் குறைப்பது அதுதான்.

7. இரண்டாம் முறைக்கு அவசரப்படாதீர்கள். பின்னந்தலையில் எடுத்த வேர் அங்கே மறுபடி முளைக்காது. ஆயுள் முழுவதற்கும் இருப்பு அவ்வளவுதான். உச்சி வழுக்கையோ வட்டமாக விரியும். வட்டத்தின் குறுக்களவு இரண்டு மடங்கானால் நட வேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். இளவயதில் எல்லா வேரையும் உச்சிக்கே கொட்டிவிட்டால், நாளை நெற்றி ஏறும்போது எடுக்க ஒன்றும் இருக்காது.

எனவே தம்பிகளே, எட்டாம் மாதத்தில் "இன்னொரு முறை நட்டுவிடலாம்" என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். பதினெட்டு மாதம் முடியட்டும். அப்போதும் குறை தெரிந்தால், எல்லாப் படங்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.