வினைக்கொள்கையும் உலகப் பொதுக்கடமையும்

"ஒருவன் நுகரும் துன்பம் அவன் முன்செய்த வினையின் பயனே என்பது சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாயின், எங்கோ ஒரு நாட்டார் பஞ்சத்தானும் புயலானும் நஞ்சானும் வருந்துங்கால் அவர்க்கு உதவுதல் நமக்குக் கடமையாமாறு யாங்ஙனம்? அவர்தம் வினையை அவர் நுகர்கின்றனர். இடையே நாம் புகுதல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ?" என வினவுவார் உளர். இவ்வினாவை வாய்விட்டுக் கேளாது மனத்தகத்தே வைத்துக்கொண்டு, அதனையே தாம் வாளாவிருத்தற்கு அரணாகக் கொள்வார் அவரினும் பலர். இதனை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றாம். சொல்லளவில் நின்று ஆராய்தலினும், சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர், விம்கோ நகர், எர்ணாவூர், எண்ணூர் எனத் தொடர்ந்து கிடக்கும் கடற்கரையில் அண்மைக் காலத்து நிகழ்ந்தவற்றை முன்னிறுத்தி ஆராய்தல் பொருள் விளங்குதற்குத் துணையாம்.

விம்கோ நகர் என்னும் பெயர், ஸ்வீடன் தேசத்தார் முதலிட்டுத் தொடங்கிய 'வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி' என்னும் தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர்ச்சுருக்கத்தால் வந்தது. அதற்கு வடக்கே, பர்மாவினின்று உடைமை இழந்து மீண்ட தமிழர் குடியமர்ந்த பர்மா நகர் உளது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்திராத் தீவின் அருகே கடலடியிற் பிறந்து வந்த ஆழிப்பேரலையால் வீடிழந்தார்க்கு எழுப்பிய குடியிருப்புகள் எர்ணாவூரில் உள. அயல்நாட்டார் முதல், அயல்நாட்டினின்று மீண்ட மக்கள், அயற்கடலிற் பிறந்த அலை என இவையெல்லாம் வந்து கூடிய இடம் இஃது. ஆகலின் 'உலகம்' என்பது இவ்வூரார்க்குத் தொலைவிலுள்ளதொரு பொருளன்று.

அவ்வாழிப்பேரலை நிகழ்ந்து பத்தொன்பது ஆண்டு நிறைந்த அதே நாளின் இரவில், அஃதாவது 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத்தொழிற்சாலைக்குரிய கடலடிக் குழாயினின்று அமோனியா கசிந்தது. கப்பலில் வந்திறங்கும் அமோனியாவைத் தொழிற்சாலைக்குக் கொணர்வது அக்குழாய். உறங்கிக் கிடந்த மீனவக் குடிகள் மூச்சுத் திணறியும் கண்ணெரிந்தும் விழித்தெழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவிற்கு ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். இதற்கு மூன்று வாரம் முன்னரே, மிக்ஜாம் புயலின் பெருமழை வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியினின்று எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றுக் கழிமுகத்தை அடைந்திருந்தது. வலையும் படகும் கரிந்தன. கூழைக்கடாப் பறவைகள் சிறகெல்லாம் எண்ணெய் தோய்ந்து நின்றன. அதற்கும் முன்பு, 2017 ஜனவரி 28-ஆம் நாள், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதிற் சிந்திய எண்ணெய்ச் சேற்றை, கரையிலே நின்று வாளியால் முகந்தெடுத்தவர்களுள் மீனவரும் மாணவரும் இருந்தனர். திருவொற்றியூரிற் செக்கர் மரபிற் றோன்றித் திருக்கோயிலில் இரவும் பகலும் விளக்கெரித்த கலியநாயனார்க்கு எண்ணெயே வழிபாடாயிருந்தது. அவர் ஊரெல்லையில் அதே பெயர்ப் பொருள் உயிர்க்குக் கூற்றாய் வந்தமை நினையுந்தோறும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. நிற்க.

இனி வினாவிற்கு வருவாம். பெரியகுப்பத்தார் அவ்விரவு உற்ற துன்பம் அவர்தம் பிராரத்தமே எனக் கொள்க. கொள்ளினும், எதிர்வாதி கருதிய முடிபு அதனாற் பெறப்படாது. என்னை? கொலையுண்டான் தன் வினையாற் கொலையுண்டான் எனினும், கொன்றான் பாவத்தினின்று நீங்கான். அச்செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறுதல் ஒருதலை. ஒருவன் நுகர்ச்சியும் பிறனொருவன் செயலும் ஒரே நிகழ்ச்சியிற் கூடி நிற்பினும் கணக்கு வேறு வேறாம். மேலும், வினை சடமாதலின் தானே சென்று பயனை ஊட்டமாட்டாது, ஊட்டுவிப்பான் இறைவன். எவ்வுயிர்க்கு எவ்வினை எவ்வளவில் எப்பொழுது வரும் என்பது அவனொருவனே அறிவது. ஒருவன் துன்புறுதல் வினைப்பயனாயினாற் போல, அவனுக்கு உதவி வந்து சேர்தலும் அவன் வினைப்பயனே ஆகலாம் அன்றோ? அவ்வுதவிக்கு வாயிலாக நம்மை இறைவன் நிறுத்தியிருக்கவும், நாம் அறியாத அவன் கணக்கைக் காரணங் காட்டி, அறிந்த நம் கடமையை விடுதல் எவ்வாற்றானும் பொருந்தாது. இவ்வாதம் செய்வார் தமக்குக் காய்ச்சல் வந்துழி மருத்துவனை அழையாதிருந்ததை யாம் கண்டதில்லை. தன் காய்ச்சலுக்கு மருந்தும், பிறன் காய்ச்சலுக்கு வினைக்கொள்கையும் வைத்திருப்பான் சித்தாந்தி அல்லன்.

வினைக்கொள்கைதான் இவ்வாறு அரணாக்கப்படுகின்றது என்றும் கருதற்க. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்தில், இந்திய அரசாங்கம் விடுத்த ரிச்சர்டு டெம்பிள் என்பார், நிவாரண வேலை செய்வார்க்குரிய கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் என்னும் அளவிற்குக் குறைத்தார். தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அக்காலத்துப் பொருளியல் அறிஞர் 'இயற்கை விதி'. விதி என்னும் சொல் ஆண்டும் வந்து புகுந்தமை காண்க. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்து மக்களால் வெட்டப்பட்டது. அதற்கு முன்னரே வெட்டப்பட்டிருந்த வடபகுதியோடு அது சேர்ந்து, அந்நாள் ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. பின்னர்ச் சென்னையார் விடுத்த வேண்டுகோளுக்கிரங்கி லண்டன் நகர மேயர் நிதி திறந்தார். இங்கிலாந்து மக்கள் வாரி வழங்கினர். அவர்தம் அருளை யாம் குறைத்துரையேம். ஆயினும் அதே காலத்தில் இந்தியாவினின்று கோதுமை இங்கிலாந்திற்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது என்பதும் வரலாறு. ஈந்த கை உண்ட ரொட்டியுள், பட்டினி கிடந்த நாட்டின் தானியமும் இருந்தது.

இதனால், உதவுதல் அருளின்பாற் படுவது மட்டுமோ, கடன் தீர்த்தலின்பாற் படுவதோ என்னும் ஐயம் எழுகின்றது. இதுவே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகலின் சிறிது விரித்துரைப்பாம். பாவத்திற்குச் செய்தான், செய்வித்தான், உடன்பட்டான் என மூவரையும் உரியராக்குதல் நம் நாட்டு வழக்கு. அம்மூவரோடு பயன்கொண்டானையும் வைத்து எண்ணல் வேண்டும் என்பது எம் கருத்து. வள்ளுவனார் புலான்மறுத்தலில், உண்பார் பொருட்டே விற்பார் உளராதலைக் காட்டி, கொல்லாத கையையும் கொலையொடு தொடர்புபடுத்தினர். அந்நெறி புலாலோடு நிற்பதன்று. காற்றிலுள்ள நைட்ரசனைக் கொண்டு அமோனியா ஆக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தே ஜெர்மனியிற் கண்டறியப்பட்டது. இன்று உலக மக்களிற் பாதியளவினர் உண்ணும் உணவு அவ்வுரத்தால் விளைவது என அறிஞர் கணிப்பர். ஆகவே எண்ணூரிற் கப்பல் கொணரும் அமோனியா உரமாகி, உரம் நெல்லாகி, நெல் நம் உண்கலத்திற் சோறாகின்றது. நாம் உண்ணும் ஒரு பிடி சோற்றின் விலையிற் சேராத ஒரு பகுதியைப் பெரியகுப்பத்தார் தம் மூச்சினாற் செலுத்தினர்.

அற்றேல், கோடிக்கணக்கானோர் பயன்கொண்ட வினையில் ஒருவன் பங்கு மணலினும் சிறிதாமன்றோ எனின், அன்று. வினை பொருட்செல்வம் போலப் பங்கிடக் குறைவதன்று. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் அவ்வவன் செய்ததே அவ்வவனுக்காம். ஒரு விளக்கினின்று நூறு விளக்கேற்றின் முன்னையது ஒளி குன்றாமை போல, பலர் சேர்ந்தமையான் ஒருவன் குற்றம் தேயாது. எனினும் எல்லார்க்கும் ஒப்ப ஏறும் என்பதும் பிழை. அறிவும் ஆற்றலும் கொண்ட பயனும் நோக்கி ஏறும். குழாயைக் காப்பார்க்குரியது வேறு, அவரை மேற்பார்க்கும் அரசிற்குரியது வேறு, உண்பார்க்குரியது வேறு. உலக அரசுகளும் இம்முடிபிற்கே வந்தன. 1992-இல் ரியோ நகரிற் கூடி, சுற்றுச்சூழல் காக்கும் பொறுப்பு எல்லார்க்கும் பொதுவாயினும் அளவில் வேறுபட்டது என அறிவித்தன. புவி வெம்மையால் இழப்புறும் ஏழை நாடுகட்கெனத் துபாய் மாநாட்டில் நிதியம் செயற்படத் தொடங்கியது 2023 நவம்பர் 30-ஆம் நாள். நான்கு நாளுக்குள் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்குவித்தது.

வினைப்பயன் தெய்வத்தானும் உயிர்களானும் பூதங்களானும் வரும் என நூலோர் பகுப்பர். எண்ணூரில் மழை பூதத்தான் வந்தது. எண்ணெய் மக்களான் வந்தது. இரண்டும் ஒரே வெள்ளமாய் வீட்டினுட் புகுந்தன. கடல் வெம்மையேறிப் புயல்கள் கொட்டும் மழை மிகுதற்கு உலகெங்கும் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் ஏதுவாதல் தெளிந்த இக்காலத்தில், பூதத்தான் வந்தது என்று மழையையும் முற்றத் தள்ளிவிடல் இயலாது.

இங்ஙனமாயின் அத்தொழிலையே ஒழித்தல் நன்றன்றோ எனின், அதற்கு ஈழநாட்டு நிகழ்ச்சி விடை கூறும். 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒருங்கே தடுத்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே தடையை நீக்கியும், நெல் விளைவு பெரிதும் குன்றியது. அதனோடு அந்நியச் செலாவணி முடையும் சேர, 2022-இல் மக்கள் அரிசிக்கும் பால்மாவிற்கும் அலமந்தனர். அவ்வாண்டு மே 18-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தினின்று தமிழ்நாட்டு அரசின் கொடையாக 9,000 டன் அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல் கொழும்பு நோக்கிப் புறப்பட்டது. அக்கொடையின் புண்ணியத்தில் தமக்கும் பங்குண்டெனத் தமிழ்மக்கள் மகிழ்ந்தனர், யாமும் மகிழ்ந்தேம். அரிசியைத் தம் கையாற் றொடாதார் அப்புண்ணியத்திற் பங்கு கோருதல் நேரிதாயின், அமோனியாக் குழாயைத் தம் கையாற் றொடாதார் அதன் தீங்கிற் பங்கை மறுத்தல் எங்ஙனம் நேரிதாம்?

ஆகவே உரத்தை ஒழித்தல் அன்று வேண்டுவது. குழாயை அடுத்தடுத்துச் சோதித்தற்கும், கசிவறிந்து ஊரெழ ஒலிக்கும் சங்கிற்கும், நள்ளிரவில் குப்பத்து மக்களை அகற்றுதற்குரிய வழிக்கும், கழிமுகத்தைத் தூய்தாக்குதற்கும் ஆகும் செலவை உரமூட்டையின் விலையிலேயே சேர்த்தல் வேண்டும். விலை கூடும், ஏழை உழவனுக்கு அது சுமையாமல் அரசு தாங்கல் வேண்டும், அரசு தாங்குவது நம் வரியால். கூடுக என்பதே எம் துணிபு.